பேரிஜம் ஏரியும் வட்டக்கானல் பாதையும்: டெல்டாவிலிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறவருக்கு

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். குறுவை அறுப்பு முடிந்து தாளடி நடவு தொடங்குவதற்குள் மூன்று நாள் ஒழியும். அதற்குள் கொடைக்கானலைத் தாண்டிக் காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரியைப் பார்க்க வேண்டும், கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து கீழே இறங்கும் பாதையில் நடந்து அருவியும் பார்க்க வேண்டும். கூட வருவது அறுபத்து நான்கு வயது அப்பா, மனைவி, பத்து வயது மகள். எந்த நாளில் எதைப் பார்ப்பது, அனுமதி எங்கே வாங்குவது என்பதுதான் நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "அப்பாவுக்கு இதுதான் முதல் மலை, பாப்பாவுக்கு ஆத்துல நல்லா நீந்தத் தெரியும், அதனால பயமில்ல." பயணம் நல்லபடியாக அமைவது அந்த வரியில்தான் இருக்கிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் தஞ்சாவூர்க்காரன். கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவன். கொடைக்கானல் இருக்கும் பழனிமலைத் தொடருக்குப் பல ஆண்டுகள் மாணவர்களைக் களப்பயணமாக அழைத்துப் போயிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை மலைப்பக்கமே போகாத டெல்டாப் பிள்ளைகள். ஆற்றங்கரையிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் கண்டால் ஒரு துணிச்சல் வந்துவிடும். காவிரியில் அந்தத் துணிச்சலுக்கு நியாயம் உண்டு. மலை ஓடையில் கிடையாது.

காரணம் எளிது. நம்மூருக்குத் தண்ணீர் சொல்லிவிட்டு வருகிறது. ஜூன் 12 மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு வந்து சேரவே ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கிக் கடைமடைக்குப் போவதற்குள் பேப்பரில் படித்து, முறை பேசி, மடையைச் சரிசெய்து வைத்துவிடலாம். கும்பகோணம் கடல்மட்டத்துக்கு மேல் முப்பது மீட்டருக்குள்தான் இருக்கிறது. அந்தச் சொற்ப உயரத்தை ஆறு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி இறங்குகிறது. வட்டக்கானல் பக்கமோ வேறு கதை. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்கே உருவாகும் பாம்பாறு சில கிலோமீட்டருக்குள்ளேயே ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் விழுந்து, பெரியகுளத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் கும்பக்கரை அருவிக்கு வந்துவிடுகிறது. மேலே முகட்டில் பெய்யும் ஒரு மணி நேர மழை கீழே தடாகத்தில் தெரிய நாள் கணக்கு வேண்டாம், நிமிடக் கணக்கு போதும். கீழே நிற்பவரின் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அது வேறு மலை, ஆனால் தண்ணீர் வந்த விதம் ஒன்றுதான்.

ஆகவே நாளைத் திட்டமிடும்போது எந்த இடத்தை முதலில் பார்ப்பது என்று பார்க்காதீர்கள், மழை எந்த நேரத்தில் வரும் என்று பாருங்கள். நீங்கள் போகும் புரட்டாசியில் தென்மேற்குப் பருவம் அடங்கிக்கொண்டிருக்கும், வடகிழக்கு இன்னும் தொடங்கியிருக்காது. இந்த இடைப்பட்ட காலத்தின் மழை பெரும்பாலும் இடிமழை. காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். பதினோரு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறும். மதியம் இரண்டு, மூன்று மணிக்கு இடித்துப் பெய்யும். எல்லா நாளும் அப்படியே நடக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது, ஆனால் திட்டம் போட இந்தப் போக்கு போதும். அருவி, ஓடை, இறங்கி ஏறும் பாதை எதுவானாலும் காலை ஆறரை, ஏழுக்குத் தொடங்கிப் பதினோரு மணிக்குள் ஓடையை விட்டு மேலே வந்துவிட வேண்டும்.

ஓடைக்கரையில் உட்காரும்போது ஒரு பழக்கத்தை மகளுக்குக் கற்றுக்கொடுங்கள். தண்ணீரை ஒட்டி நிற்கும் ஒரு கல்லைத் தேர்ந்து, அதில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துவைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்ப்பது அவள் வேலை. ஈரக்கோடு தண்ணீருக்குள் மறைந்தால், தெளிவாக இருந்த நீர் தேநீர் நிறத்துக்குக் கலங்கினால், பச்சை இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், அருவியின் சத்தம் திடீரென்று கனத்தால், பையைக்கூட எடுக்காமல் கரையில் பக்கவாட்டாக மேலே ஏறிவிட வேண்டும். ஓடையை ஒட்டிக் கீழ்நோக்கி ஓடக்கூடாது, தண்ணீர் உங்களைவிட வேகமாக வரும். அக்கரையில் பாதை இருக்கிறதே என்று குறுக்கே கடக்கவும் கூடாது. வேகமாக ஓடும் நீர் முழங்கால் அளவே இருந்தாலும் பெரியவரைத் தள்ளிவிடும்.

நீச்சல் பற்றி. காவிரியில் மணல் அடி, மெல்லிய சரிவு, கரைக்குக் கரை படித்துறை. மலைத் தடாகத்தில் அடி பாறை, அதன்மேல் பாசி, இரண்டடி ஆழத்துக்குப் பக்கத்திலேயே இருபதடிக் குழி. கும்பக்கரையில் பாறைக் குழிகளுக்கு யானைக் கெஜம், பாம்புக் கெஜம் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பழகியவர்களுக்குத்தான் எது எங்கே என்று தெரியும். கூடவே குளிர். சூடான உடம்போடு குளிர்ந்த நீரில் பாய்ந்தால் முதல் சில நொடிகள் மூச்சு தன் வசத்தில் இருக்காது, நன்றாக நீந்துகிறவர்களே அந்த நேரத்தில்தான் தண்ணீர் குடிக்கிறார்கள். மகள் காலை நனைக்கட்டும், முகம் கழுவட்டும். பாறையிலிருந்து குதிப்பது வேண்டாம்.

இனி பேரிஜம். கொடைக்கானலிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இயற்கையான ஏரி இல்லை. பழைய ஹாமில்டன் கோட்டை இருந்த இடத்தில் அணை கட்டித் தேக்கிய நீர். பரப்பு ஏறக்குறைய 24 ஹெக்டேர். சுற்றிலும் சோலைக்காடும், வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட பைன் மரங்களும், வேல மர இனத்தைச் சேர்ந்த வாட்டில் மரங்களும். பெரியகுளம் பக்கத்துக்குக் குடிநீராகப் போவது இந்த ஏரித் தண்ணீர். அதனால் இறங்கிக் குளிப்பது, சோற்றுப் பாத்திரம் கழுவுவது எதுவும் கூடாது. நம் வீட்டுக் குடிநீர்க் குளத்தில் யாராவது கால் வைத்தால் நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் அவர்களும் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும்.

உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழனிமலையின் தென்சரிவில் விழும் மழை வைகைக்குப் போகிறது. வடசரிவில் விழுவது சண்முகநதி, குதிரையாறு, நங்காஞ்சி, குடகனாறு என்று பல பெயரில் இறங்கி அமராவதியில் சேர்ந்து, கரூருக்குப் பக்கத்தில் திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறது. முகட்டில் ஒரு மேகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்து அந்தத் தண்ணீர் மதுரைக்கும் போகலாம், உங்கள் வயலுக்கும் வரலாம். சோலையும் அதை ஒட்டிய புல்வெளியும் மழையை உடனே விட்டுவிடாமல் மண்ணில் பிடித்துவைத்து மெல்லக் கசியவிடுகின்றன. மழை நின்று பல வாரம் ஆன பிறகும் ஓடையில் நீர் ஓடுவது அதனால்தான். பேரிஜம் போகும் வழியில் மதிகெட்டான் சோலைப் பக்கம் வண்டியை நிறுத்த அனுமதித்தால் காலடி மண்ணைப் பாருங்கள். கறுத்து, பஞ்சு போல, அமுக்கினால் ஈரம் கசியும். வண்டல் மண்ணைக் கையிலெடுத்துப் பார்த்தே பழகிய உங்கள் அப்பாவுக்கு அது நான் எழுதுவதைவிட அதிகம் சொல்லும்.

பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதி கட்டாயம். ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட வண்டிகளைத்தான் விடுவார்கள். பகலில் மட்டும் அனுமதி, காலை ஒன்பதரை வாக்கில் தொடங்கி மாலை மூன்றுக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதே நடைமுறை. வண்டி எண்ணிக்கை, கட்டணம், நேரம் மூன்றும் அவ்வப்போது மாறும் என்பதால், போன வருடம் போனவர் சொன்னதை வைத்துக் கிளம்பாதீர்கள். கொடைக்கானல் போய் இறங்கியதுமே வனத்துறை அலுவலகத்தில் மறுநாள் நிலவரத்தைக் கேட்டுவிடுங்கள், அனுமதிக்கு விடிந்ததும் ஓர் ஆள் போய் நில்லுங்கள். யானை நடமாட்டம் தெரிந்தால் அன்றைக்கு மூடிவிடுவார்கள், அது எத்தனை நாள் நீடிக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் பேரிஜத்தைக் கடைசி நாளுக்கு வைக்காமல் முதல் முழு நாளில் வையுங்கள். மூடியிருந்தால் அன்று வட்டக்கானலை முடித்துக்கொண்டு மறுநாள் மீண்டும் கேட்கலாம். வரைபடத்தில் பேரிஜம் வழியாக மூணாறுக்கு ஒரு சாலை தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் பழைய சாலை அது, பொதுப் போக்குவரத்துக்கு மூடி வெகுகாலம் ஆகிறது. அந்த வழியாகப் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கொடைக்கானலுக்குள் நுழையவே உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். இணையத்தில் பதிவது எளிது. அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை. 2025 கோடையில் வார நாளுக்கு 4,000, வார இறுதிக்கு 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். இந்த ஏற்பாடு அடிக்கடி திருத்தப்படுகிறது, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. எவர்சில்வர் பாட்டிலும் தூக்குவாளியும் எடுத்துப் போனால் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டியதில்லை.

வட்டக்கானல் பாதை என்று நீங்கள் சொல்வது டால்பின் நோஸ் பாறை வழியாக வெள்ளகவிக்கும், அதற்குக் கீழே கும்பக்கரைக்கும் இறங்கும் பழைய நடைபாதை. இதில் இரண்டு பகுதிகளைப் பிரித்துப் பாருங்கள். பாம்பார் அருவி, ஊர்க்காரர்கள் லிரில் அருவி என்பது, தொடக்கத்திலேயே இருக்கிறது. அதற்கும் டால்பின் நோஸுக்கும் ஒரு காலையில் போய் வரலாம். டால்பின் நோஸுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான், ஆனால் முழுக்க இறக்கம். மழையில் மண் அரித்துப்போய் மரவேர்கள் படிக்கட்டு போலத் துருத்திக்கொண்டிருக்கும், ஈரமானால் வழுக்கும். அதற்குக் கீழே வெள்ளகவி என்பது வேறு கணக்கு. ஊருக்குள் செருப்புப் போடாத வழக்கம் உள்ள கிராமம் அது, அருமையான மக்கள். ஆனால் உங்கள் குடும்பத்துக்கு இந்த முறை அது வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். இறங்கிப் போகும்போது எல்லாருக்கும் உற்சாகமாக இருக்கும். திரும்புவது முழுக்க ஏற்றம், அதுவும் களைத்த காலோடு, மேகம் கூடும் நேரத்தில். பழக்கமில்லாத குடும்பம் ஏறும்போது ஒரு மணி நேரத்துக்கு முந்நூறு மீட்டர் உயரம்தான் தாண்டும். இறங்க எடுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கை ஏற்றத்துக்கு ஒதுக்குங்கள். எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் ஒன்பதரைக்குத் திரும்பிவிடுவோம் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வீடியோக்களில் காட்டும் வேறு கிளைப் பாதைகளுக்கு உள்ளூர் ஆள் ஒருவர் கூப்பிட்டுப் போகிறேன் என்றாலும், வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். விதிகள் இறுகியது அதற்குப் பிறகுதான். 2024 அக்டோபரில் தமிழக அரசு நாற்பது பாதைகளை இணைய முன்பதிவோடும் வழிகாட்டியோடும் திறந்தது. நடப்பது என்று முடிவானால் அந்தப் பட்டியலில் அன்றைக்குத் திறந்திருக்கும் பாதையை எடுப்பதே சரி. மாசி, பங்குனியில் தீ அபாயத்தால் காட்டுப்பாதைகளை மூடுவது வழக்கம். சம்பா அறுவடை முடித்து ஓய்வாக வரும்போது மலை மூடியிருக்கும் என்பது நம் பக்கத்து விவசாயிக்கு ஒரு சங்கடம். புரட்டாசியை விட்டால் உங்களுக்கு அடுத்து ஒத்துவருவது மார்கழிக் கடைசி, சம்பாக் கதிர் முற்றிக்கொண்டிருக்கும் நேரம். மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும், அருவியில் நீரும் இருக்கும். குளிர்தான் கடுமை, சில விடியலில் புல்லில் உறைபனி படியும். புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு போங்கள். இந்தப் புரட்டாசியிலேயே போவதானால் ஆயுத பூஜை விடுமுறையைத் தவிர்த்து வார நாளில் போங்கள்.

அப்பாவின் முழங்கால் எப்படி என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் நீங்களே பார்த்துவிடலாம். சுவாமிமலையில் அறுபது படி இருக்கிறது. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் அழைத்துப் போய், முதலில் இரண்டு முறை, பிறகு ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஏறும்போது மூச்சு வாங்குவது பெரிய விஷயமில்லை, நின்று போகலாம். இறங்கும்போது முழங்கால் முன்பக்கம் வலிக்கிறதா, மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கும்போது பிடித்துக்கொள்கிறதா என்று கவனியுங்கள். வலித்தால் டால்பின் நோஸை விட்டுவிட்டு, கொடைக்கானலுக்கு எட்டுக் கிலோமீட்டர் முன்னால் சாலையோரமே விழும் வெள்ளி அருவியை அவருக்குக் காட்டுங்கள். அது கொடைக்கானல் ஏரி வழிந்து வரும் நீர், குளிக்க உகந்ததல்ல, பார்க்க நன்றாக இருக்கும். இதய நோய், ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் நம்மூரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆரோக்கியமானவரை அது படுத்தாது, ஆனால் முதல் நாள் வேகமாக நடக்க வேண்டாம்.

பயணத்துக்கு மூன்று நாள் போதாது, இன்னொரு நாள் சேருங்கள். தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், வத்தலகுண்டு வழியாக முந்நூறு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட வரும். அதில் கடைசி ஐம்பது கிலோமீட்டர் மலைச்சாலை. மயிலாடுதுறை–செங்கோட்டை ரயில் கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திண்டுக்கல் போகிறது. அப்பாவுக்கு அது சுகம், அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். மலைச்சாலைக்குப் பழகாதவர்களுக்கு வாந்தி வருவது சகஜம். வத்தலகுண்டில் வயிறு முட்டச் சாப்பிடாமல் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், முன் இருக்கையில் உட்கார வைத்து வளைவில் போனைப் பார்க்காமல் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். இருட்டுவதற்குள் மேலே போய்ச் சேருங்கள், மாலையில் பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தூரம் தெரியாது. காட்டுமாடுகள் கொடைக்கானல் தெருவிலேயே மேயும். பசுவைப் போலச் சாதுவாகத் தெரிந்தாலும் படம் எடுக்க நெருங்க வேண்டாம்.

அட்டை பற்றியும் சொல்லிவிடுகிறேன். வயலில் கடிக்கும் அட்டையை உங்களுக்குத் தெரியும். இங்கே இருப்பது தரையிலும் இலை நுனியிலும் நின்று, ஆள் வரும் பக்கம் உடம்பை நீட்டித் துழாவிக்கொண்டிருக்கும் நூல் போன்ற அட்டை. சாக்ஸுக்குள் கால்சட்டை நுனியைச் செருகி, மேலே உப்பும் தேங்காய் எண்ணெயும் தடவிக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. கடித்துவிட்டால் பிய்க்காமல் நகத்தை அதன் வாயோரம் வைத்துத் தள்ளி எடுங்கள். இரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது விடுவதால் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டிருக்கும், மகள் பயப்படப் போகிறாள், முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

அருவியில் அவள் குளித்தே ஆக வேண்டும் என்றால் திரும்பும் நாளில் மலையிறங்கிப் பெரியகுளம் பக்கம் திரும்பிக் கும்பக்கரைக்குப் போகலாம். கிளம்பும் முன் அன்று குளிக்க அனுமதி உண்டா என்று விசாரியுங்கள். முந்தின இரவு கொடைக்கானலில் பலத்த மழை பெய்திருந்தால் கேட்கவே வேண்டாம், நேராக வத்தலகுண்டு வழியாக ஊருக்குத் திரும்பிவிடுங்கள். திறந்திருந்தால் வனத்துறை குளிக்க விட்டிருக்கும் பகுதியிலேயே, மதியத்துக்கு முன், நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றபடி அவள் குளிக்கட்டும்.